சவ்வரிசியும் மரவள்ளியும்

சவ்வரிசி என்பது நெல்லில் விளையும் அரிசியன்று. நோன்பு காலத்தில் பாலும் சீனியும் சேர்த்து நாம் காய்ச்சும் கஞ்சியிலே மிதக்கும் அந்த வெண்மணிகள், நம் வளவுகளில் வேலியோரம் நிற்கும் மரவள்ளியின் மாவே. ஆதியில் அப்படியுமல்ல. மலாய்த் தீவுகளில் வளரும் சேகோ எனும் பனை போன்ற மரத்தின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்த மாவே சவ்வரிசியாகக் கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த இறக்குமதி தடைப்பட்டபோது, தமிழ்நாட்டுச் சேலத்தில் மரவள்ளி மாவைக் கொண்டு அதே போன்ற மணிகளைத் திரட்டத் தொடங்கினர். பொருள் மாறியும் பெயர் மாறவில்லை.

கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலை வடித்துத் தெளியவிட்டால் மா அடியில் படியும். ஈரம் முற்றாக உலராத அந்த மாவைத் துணித் தொட்டிலில் இட்டுக் குலுக்கினால் சிறு மணிகளாகத் திரளும். அவற்றைச் சூடான தட்டில் வறுத்து வெயிலில் காயவைப்பர். துணிகளுக்குக் கஞ்சி போடவும், பசை செய்யவும், கடதாசி ஆலைகளிலும் இதே மா பயன்படுகிறது.

ஆங்கிலேயர் இந்த மாவை டப்பியோக்கா என்பர். அது அவர்களுடைய சொல்லன்று. பிரேசிலின் பூர்வகுடிகளான தூப்பி மக்களின் மொழியிலிருந்து வந்தது. மரவள்ளியின் தாயகமும் தென்னமெரிக்காவே. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் அதை ஆபிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். இலங்கைக்கு 1786இல் ஒல்லாந்த ஆளுநர் வன் டி கிராப் மொரீசியசிலிருந்து தருவித்தார் என்பர். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதைப் பயிரிடுமாறு தம் குடிகளை ஊக்குவித்தார்.

பஞ்ச காலத்திலேதான் இக்கிழங்கின் அருமை தெரியும். 1970களின் முற்பகுதியில் நம் நாட்டில் அரிசியும் கோதுமை மாவும் தட்டுப்பட்டபோது, பல வீடுகளில் பகலுணவு அவித்த மரவள்ளியும் சம்பலும்தான். அதை உண்டே வளர்ந்த மூத்தோர் சிலர் இன்றும் மரவள்ளியைக் கண்டால் முகம் சுளிப்பர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022 நெருக்கடியின்போது, வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கப்பட்டது. ஒரு தடியை நட்டுவிட்டால் உரமின்றியும் வளரும் மரவள்ளியை அப்போதும் பலர் நாடினர்.

இனி, நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விடயத்துக்கு வருவோம். ‘மரவள்ளி தின்ற அன்று இஞ்சி சேர்க்காதே, நஞ்சாகும்’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இஞ்சியைத் தவிர்ப்பதால் நட்டமில்லை. ஆனால் இஞ்சி சேர்க்கவில்லை, ஆகவே பயமில்லை என்று எண்ணுவது ஆபத்து. ஏனெனில் நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் துருவும்போதும் அதிலுள்ள ஒரு பொருள் சிதைந்து சயனைட் வெளிப்படுகிறது. இனிப்பு இனங்களில் இது குறைவு, கசப்பு இனங்களில் அதிகம். சதையை விடத் தோலிலேயே கூடுதல்.

1981இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் கடும் வரட்சி. கசப்பு மரவள்ளியைத் தவிர வேறு உணவில்லை. பல நாள் காயவைத்து நஞ்சை நீக்குவது அம்மக்களின் வழக்கம்; பசியோ பொறுக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கால்கள் விறைத்துப் போயின. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளுமே. அந்த ஊனம் திரும்ப மாறுவதில்லை.

நம் நாட்டில் நாம் உண்பது பெரும்பாலும் இனிப்பு இனம் என்பதால் அவ்வளவு அச்சம் தேவையில்லை. எனினும் முறை தவறக் கூடாது. வெளித்தோலோடு உள்ளிருக்கும் தடித்த தோலையும் உரித்துவிடுங்கள். சிறு துண்டுகளாக வெட்டி, நிறையப் பச்சைத் தண்ணீரில் இட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிநீரில் போடுவதை விட இது நல்லது. தண்ணீர் மெல்லச் சூடேறும் நேரத்தில் நஞ்சு கூடுதலாகப் பிரிந்துவிடும். பானையை மூடாதீர்கள், ஆவியோடு அது போகட்டும். அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கறிக்கு எடுக்க வேண்டாம். பச்சையாகப் பொரிப்பதில் இவ்வளவு நீங்காது. உண்ட சில மணி நேரத்தில் தலைசுற்றல், வாந்தி, தலையிடி கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

தப்பித்தவறி மிஞ்சும் சிறிதளவை நம் உடல் தானே மாற்றிச் சிறுநீரில் கழித்துவிடும். அதற்குக் கந்தகம் கொண்ட புரதம் வேண்டும். மரவள்ளியிலோ புரதம் மிகக் குறைவு. ஆகவே மரவள்ளிக்கு மீன் கறியோ, முட்டையோ, மாசி போட்ட சம்பலோ சேர்த்துக்கொள்ளும் நம் பழக்கம் வாய்ருசிக்கு மட்டுமன்று, உடலுக்கும் உகந்ததே.

இலையிலே புரதம் உண்டு, நஞ்சும் கிழங்குச் சதையை விடக் கூடுதல். இளந்துளிரை மட்டும் எடுத்து, பொடியாக அரிந்து, நன்றாக அவித்து, தண்ணீரை வடித்த பின்னரே தேங்காய்ப்பூ போட்டுச் சுண்ட வேண்டும். கிழங்கைத் தோண்டி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வைக்க முடியாது. உள்ளே நீலக்கருமையாகக் கோடுகள் ஓடிவிடும். சந்தையில் வாங்கும்போது நுனியைச் சற்று முறித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.