சீஸ் டப்பா ஈயத்தில் வார்த்த தமிழ் எழுத்து

காரிலேயே போய் ஒரு ஐரோப்பியத் தலைநகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வர முடியுமா என்று பவானி வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். கிண்டலாகத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் முடியும், பாஸ்போர்ட்கூட வேண்டாம். கூடுதுறையில் கும்பிட்டுவிட்டு, கொடுமுடி, கரூர், திருச்சி, கும்பகோணம், மயிலாடுதுறை என்று காவிரி போகும் திக்கிலேயே வண்டியை விட்டால், பொழுது சாய்வதற்குள் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை, இந்தியாவில் டென்மார்க்காரர்களுக்கு அதுதான் தலைமையிடம்.

டேன்ஸ்போர்க் கோட்டை, 1792-ல் கட்டிய நகர வாசல், ராஜ வீதி எல்லாவற்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். இந்த இடத்தை டேனியருக்குக் கொடுத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர். அவர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கோட்டை வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு, கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிற கூட்டமே அதிகம். அந்த ஊரின் பெரிய அதிசயம் கோட்டையில் இல்லை. அது ஒரு மர அச்சு இயந்திரமும், அதற்காக வார்த்த ஈய எழுத்துகளும்.

சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கினார். தமிழ் கற்றார், தமிழில் அச்சடிக்க ஆசைப்பட்டார். லண்டனிலிருந்து ஒரு சங்கம் 1711-ல் அச்சு இயந்திரத்தைக் கப்பலேற்றியது. வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த அச்சகக்காரர் நன்னம்பிக்கை முனையை எட்டும் முன்பே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் எப்படியோ தப்பி 1712-ல் வந்து சேர்ந்தது. ஓட்ட ஆளில்லை. கடைசியில் அச்சு வேலை தெரிந்த ஒருவர் கோட்டைச் சிப்பாய்களிலேயே அகப்பட்டார்!

வந்த இயந்திரத்தோடு இருந்தவை ரோமன் எழுத்துகள். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்து 1713-ல் அனுப்பினார்கள். தமிழ் தெரியாதவர்கள் செய்தவை என்றாலும் படிக்க முடிந்தது. சிக்கல் அளவில்தான். எழுத்து ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருக்க, காகிதம் மளமளவென்று கரைந்தது. காகிதமோ கப்பலில் வந்தாக வேண்டும். பைபிள் போன்ற நூலை அந்த எழுத்தில் அடித்தால் கட்டுப்படியாகாது.

ஆகவே சிற்றெழுத்துகளை உள்ளூரிலேயே வார்க்க முடிவாயிற்று. எஃகு முனையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் உண்டாக்கி, அந்தப் பள்ளத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் தட்டினால் எழுத்து வெளியே வரும். ஆலைக்கொட்டாயில் கொதிக்கும் பாகை மர அச்சுக் குழிகளில் ஊற்றி, இறுகியதும் பலகையைக் கவிழ்த்துத் தட்டி அச்சு வெல்லம் எடுப்பதை இந்தப் பத்தியாளர் சிறுவயதில் வாய்பார்த்து நின்றதுண்டு. கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் எழுத்தில் ஒரு மயிரிழை உயரம் கூடினாலும் காகிதம் கிழியும், குறைந்தால் மை படாது.

ஈயத்துக்கு எங்கே போவது? லண்டன் நண்பர்கள் செஷயர் சீஸ் அனுப்பியிருந்தார்கள். டப்பாக்களின் மூடி ஈயம். அந்த மூடிகளை உருக்கித்தான் எழுத்து வார்த்தார்கள். வெறும் ஈயம் மெத்தென்று இருக்கும், நாலு முறை அழுந்தினால் மழுங்கிவிடும். அதனால்தான் அச்செழுத்துக்கு வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலப்பது பொது வழக்கம். எப்படியோ, சிற்றெழுத்து கைகொடுத்தது. புதிய ஏற்பாட்டின் முதல் பகுதி 1714-லும் முழு நூல் 1715-லும் வெளிவந்தன. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலைகூட வைத்துப் பார்த்தார்கள்.

தமிழ் அச்சு இங்கேதான் பிறந்தது என்று சிலர் சொல்வது சரியல்ல. ரோமன் எழுத்தில் தமிழ் நூல் ஒன்று 1554-லேயே லிஸ்பனில் அச்சாகிவிட்டது. தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் வந்தது. அந்த முயற்சிகள் நெடுநாள் நீடிக்கவில்லை, தரங்கம்பாடி நீடித்தது.

எழுத்தின் அளவைத் தரங்கம்பாடி குறைத்தது என்றால், எழுத்து வடிவங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது நம் ஈரோடு. ணா, றா, னா, லை போன்றவற்றுக்குப் பழைய வடிவில் தனித்தனி அச்சு வேண்டியிருந்தது. அச்சுக்கோப்பவர் அறை அறையாகத் துழாவ வேண்டும். பெரியார் 1935-ல் ‘குடிஅரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று.

கல்யாணப் பத்திரிகை அடித்த ட்ரெடில் அச்சகங்கள் நம் கடைவீதிகளில் மூடியபோது, அந்த ஈய எழுத்துகள் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போயின. ஒரு பெட்டி எழுத்தையாவது எந்தப் பள்ளிக்கூடமும் கேட்டு வாங்கி வைத்ததாகத் தெரியவில்லை. மூடி ஈயத்துக்குத் தவித்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அவர் கல்லறை; இறந்தபோது வயது 36. கோட்டைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்த இரண்டுக்கும் கொடுக்கலாம். வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுவது உத்தமம்.