கனம் தூக்காத தோள் ஏன் வலிக்கிறது?

மாணவர்களே, தீபாவளி நெருங்கும் வாரங்களிலும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையிலும் கேமரன் மலை எப்படி இருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். சிம்பாங் பூலாய் வழியாக ஏறி வரும் வாகனங்கள் கம்போங் ராஜா, கோலா தெர்லா கடந்து பிரிஞ்சாங் வரை ஊர்ந்துகொண்டிருக்கும். தோட்டங்களில் காய்கறிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை ஓயாது. வீட்டில் அம்மா முறுக்கு அச்சைக் கீழே வைக்கவே மாட்டார். இரவானதும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கு.”

லோரியில் பெட்டி ஏற்றியவர் அப்படிச் சொன்னால் புரிகிறது. மூன்று மணி நேரம் நெரிசலில் கார் ஓட்டி வந்த மாமாவும், உட்கார்ந்தபடியே முறுக்கு பிழிந்த அம்மாவும் ஏன் அதையே சொல்கிறார்கள்?

முதலில் தசையைப் பார்ப்போம். நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் தசை இழைக்குள் கால்சியம் அயனிகள் வெளிப்படுகின்றன. இழையிலுள்ள மயோசின் என்ற புரதம் ஆக்டின் என்ற புரதத்தைப் பற்றி இழுக்கிறது. தசை சுருங்குகிறது. இதற்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு செலவாகிறது. பலர் கவனிக்காத செய்தி என்னவென்றால், பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும், கால்சியத்தை மீண்டும் உள்ளே இறைக்கவும் வேண்டும். இறந்தவர் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப் போவது இதனால்தான். ஏ.டி.பி. தீர்ந்துவிட்டதால் மயோசினால் பிடியை விட முடிவதில்லை. ஆக, தளர்வதும் தசைக்கு ஒரு வேலைதான்.

அடுத்தது இரத்த ஓட்டம். நடக்கும்போது கால் தசைகள் இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொரு தளர்விலும் புது இரத்தம் பாய்கிறது. ஆனால் ஒரே நிலையில் இறுக்கிப் பிடித்த தசை, தனக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தானே நசுக்குகிறது. ஆக்சிஜன் வருவது குறைகிறது, கழிவுகள் வெளியேறுவதும் குறைகிறது. தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குக் கால் நடக்கிறது; கையும் தோளும் மணிக்கணக்கில் ஒரே பிடியில் நிற்கின்றன.

தசையின் உச்ச வலிமையில் சுமார் 15 விழுக்காட்டுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாங்கலாம் என்று 1960-இல் ஜெர்மனியின் வால்டர் ரோமெர்ட் கணித்தார். பின்னர் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. அதைவிடக் குறைந்த அளவிலும், நீண்ட நேரம் பிடித்தால் தசை களைக்கிறது.

ஏன் என்பதற்கு 1991-இல் சுவீடனின் கோரன் ஹெக் ஒரு கருதுகோளை முன்வைத்தார். தசை இழைகள் குழுக்களாக இயங்குகின்றன. வேலை எளிதோ கடினமோ, சிறிய குழுக்களே முதலில் அழைக்கப்படும். வேலை முழுதாக நிற்கும்வரை அவற்றுக்கு விடுப்பு இல்லை. சுற்றியுள்ள பெரிய குழுக்கள் ஓய்வில் இருக்க, இந்தச் சில இழைகள் மட்டும் உழைத்துத் தேய்கின்றன. முதலில் எழுந்து கடைசியில் படுப்பவள் என்பதால் கதையில் வரும் சிண்டரெல்லாவின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். நம் ஊராக இருந்தால் தீபாவளி வாரத்து அம்மாவின் பெயரையே வைத்திருக்கலாம்!

இதோடு மனமும் சேர்ந்துகொள்கிறது. ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரந்து உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்பதை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். புலியைக் கண்டால் இது உயிரைக் காக்கும். ஆனால் வாகன நெரிசலோ, நாளை வரப்போகும் இருபது விருந்தினரோ, பட்ஜெட்டோ துரத்துகிற புலி அல்ல. ஓடவும் வழியில்லை. தயாரான தசை தயாராகவே நிற்கிறது. தோள் காதை நோக்கி உயர்ந்திருப்பது நமக்கே தெரிவதில்லை. இங்குள்ள மழைக்காலக் குளிர் வேறு. உடல் நடுங்கத் தொடங்கும் முன்பே குளிர் தசைகளை இறுக்கிவிடும்.

சரி, இரவில் கோடாலித் தைலம் தேய்த்தால் போதாதா? தைலத்திலுள்ள மெந்தால் தோலின் குளிர் உணர்விகளைத் தூண்டுகிறது. அதனால் வலி சற்று மறக்கும். தேய்க்கும் கையின் சூடும் அன்பும் நல்லதே. ஆனால் காலையிலிருந்து ஓய்வே பெறாத இழைக்கு இரவில் வரும் தைலம் தாமதமான உதவி. அதற்குத் தேவை நடுநடுவே சில வினாடி முழுத் தளர்வு.

இதை நீங்களே சோதிக்கலாம். 500 மி.லி. தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்து, கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். கை தாழத் தொடங்கும்வரை நண்பர் நேரம் பார்க்கட்டும். பத்து நிமிடம் ஓய்வெடுத்தபின், 20 வினாடி தூக்கி, 10 வினாடி முழுதாகத் தொங்கவிட்டு, மீண்டும் தூக்குங்கள். தூக்கியிருந்த வினாடிகளை மட்டும் கூட்டி, இரண்டையும் ஒப்பிடுங்கள். (வலித்தால் நிறுத்திவிடுங்கள், இது போட்டி அல்ல.) இடைவெளி விட்ட கையே மொத்தத்தில் அதிக நேரம் தாங்கும்.

வீட்டில் இதைச் செய்வது எளிது. ஒவ்வொரு அச்சு மாவு தீர்ந்ததும் இரு கைகளையும் தொங்கவிட்டு உதறலாம். அல்லது அடுத்த அச்சை நீங்கள் வாங்கிப் பிழியலாம். அம்மாவின் தோளுக்கு அதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியவில்லை. மேசை இடுப்பு உயரத்தில் இருந்தால் தோளை உயர்த்தவும் வேண்டாம்.

தளர்வதற்கே தெரியாதவர்களுக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் ஒரு முறையை நூலாக எழுதினார். தசையை வேண்டுமென்றே இறுக்கி, பின் விட்டு, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை உணர்வதே அது. தோளைக் காதுவரை உயர்த்தி ஐந்து வினாடி வைத்து, சட்டென்று விடுங்கள். பிறகு முஷ்டி, தாடை, நெற்றி. இன்றும் மனநலச் சிகிச்சைகளில் இது பயன்படுகிறது.

நெரிசலில் காரில் இருப்பவர்கள் மூச்சைப் பயன்படுத்தலாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது வேகஸ் நரம்பின் செயலால் தணிவதையும் பலர் விரலிலேயே உணரலாம். ஓட்டுநர் மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடி பார்க்க வேண்டாம்.

தேநீர்? கேமரன் மலையில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா! ஆனால் குடித்த காஃபினில் பாதி உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பலகாரம் சுடும் இரவில் பத்து மணிக்குக் குடித்த கோப்பை, அதிகாலை மூன்று மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். மாலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தேயிலைச் சரிவில் விருந்தினரை அழைத்துச் சென்ற மறுநாள் தொடை வலித்தால் அது வேறு வகை. இறங்கும்போது நீண்டுகொண்டே இறுகும் தசையில் ஏற்படும் நுண்ணிய சிதைவு அது; சில நாளில் தானே ஆறும். ஆனால் வீட்டுப் பெரியவர் யாருக்காவது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் தைலத்தைத் தேடாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். விடுமுறை நெரிசலில் தானா ராத்தா மருத்துவமனைக்குச் செல்லும் பாதை வழக்கத்தைவிட நீளமாகிவிடும். அதனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.