பிகாட் பிரபு: 11 வருடத்தில் முடிந்துபோன ஒரு பட்டம்

பிரிட்டிஷ் பிரபுக்களின் பட்டியலைப் பார்த்தால் பல பட்டங்களுக்கு நேரே 'அற்றுப்போனது' என்று போட்டிருக்கும். பரம்பரைப் பட்டம்தானே, மகன் இல்லைன்னா தம்பிக்குப் போகாதா? போகாது. ஏன் என்பதற்கு நம்ம ஊர்த் தொடர்புள்ள உதாரணமே இருக்கிறது: சென்னையில் இரண்டு முறை கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட்.

அரசர் பட்டம் கொடுக்கும்போது ஒரு சாசனமும் கொடுப்பார். பட்டம் அடுத்து யாருக்குப் போகணும் என்கிற விதி அதிலேயே இருக்கும். வழக்கமான விதி, முதலில் பட்டம் வாங்கியவரின் நேர் வம்சத்தில், முறையான திருமணத்தில் பிறந்த ஆண்களுக்கு மட்டும். இரண்டாம் பிரபுவுக்கு மகன் இல்லையென்றால் அவர் தம்பிக்குப் போகலாம். அவரும் முதலாமவரின் மகன்தானே. ஆனால் முதலாமவரின் தம்பிக்கு வழியில்லை.

1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவர் பிகாட். ஊர் திரும்பியதும் 1764இல் 'பரோனெட்' ஆனார். இதுவும் பரம்பரையாக வருவதுதான், ஆனால் பெயருக்கு முன்னால் 'சர்' வருமே தவிர பிரபு கிடையாது. இந்தச் சாசனத்தில் மட்டும், வாரிசு இல்லையென்றால் தம்பிகளுக்குப் போகலாம் என்று தனியாக ஒரு விதி சேர்த்திருந்தார்கள். 1766இல் அயர்லாந்துப் பிரபு வரிசையில் 'பரோன் பிகாட்' ஆனார். அதில் அந்தத் தனி விதி இல்லை.

1775இல் மறுபடியும் சென்னைக்குக் கவர்னராக வந்தார். ஆற்காட்டு நவாப் பிடித்துவைத்திருந்த தஞ்சாவூரை, கம்பெனி மேலிடம் சொன்னபடி, மன்னர் துளஜாஜியிடம் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கம்பெனிக்காரர்களுக்குத் தஞ்சாவூர் வருமானத்தின் மேல் கண். தகராறு முற்றி, 1776 ஆகஸ்டில் கவுன்சில் உறுப்பினர்களே தங்கள் கவர்னரைக் கைது செய்தார்கள். லண்டன் அவருக்குப் பதவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அந்த உத்தரவு கப்பலில் வந்து சேருமுன், 1777 மே 11 அன்று காவலிலேயே இறந்தார்.

பிகாட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் உண்டு, ஆனால் சாசனத்தின் கணக்கில் அவர்கள் வாரிசு இல்லை. பிரபு பட்டம் அன்றோடு முடிந்தது. பரோனெட் பட்டமோ தம்பி ராபர்ட்டுக்குப் போய், அந்தக் குடும்பத்தில் இன்றுவரை தொடர்கிறது.

ஒரே ஆள், ஒரே மரணம். ஒரு பட்டம் போனதுக்கும் இன்னொன்று தப்பியதுக்கும் காரணம் சாசனத்தில் இருந்த ஒரு வரிதான்.