பனையேறியின் குதிகாலும் ரண சிகிச்சையும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சூழ்ந்த கரிசற் சீமை வானம் பார்த்த பூமி. மழை கைவிட்ட காலத்திலும் அங்கே ஜனங்களுக்கு உதவி நிற்பது பனை. அதன் உச்சியில் பாளை சீவும் தொழிலாளி தவறிக் காலூன்றி விழுந்தால், உடற்பாரம் முழுவதும் குதியெலும்பின்மேல் இறங்குகிறது. நொறுங்கிய குதியை அறுத்துத் திறந்து, தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவதா, அறுவையின்றி ஆற விடுவதா என்பது அக்குடும்பத்துக்கு வயிற்றுப்பாட்டின் கேள்வி.

அறுவையென்றால் பூரண குணம் என்று நம்மில் அநேகர் எண்ணுகிறார்கள். சாட்சியம் அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டனில் 22 ஆஸ்பத்திரிகளில், 151 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய பரிசோதனையின் முடிவு 2014ல் வெளியாயிற்று. இரண்டு வருஷத்துக்குப் பின் வலியிலும் நடையிலும் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. ஆனால் சிக்கல்களும் மறு அறுவையும் கத்தி பட்டவரில் நூற்றுக்கு 23, படாதவரில் 4. குதியின் பக்கத்தில் தோல் மெல்லியது, சதை குறைவு; புண் எளிதில் சீழ் பிடிக்கும். நீரிழிவும் புகைப்பழக்கமும் உள்ளவர்க்கு அபாயம் இன்னும் அதிகம்.

வழக்காடிப் பழகியவராதலால் எதிர்த்தரப்பையும் கூறிவிடுகிறோம். குதி வெகுவாக உருக்குலைந்தவர்களை அப்பரிசோதனையில் சேர்க்கவில்லை. 2002ல் வெளியான கானடா ஆராய்ச்சியில், மொத்தத்தில் வித்தியாசம் இல்லையெனினும், அறுவையின்றி விடப்பட்டவர்களுக்கே பின்னாளில் மூட்டை அசையாதபடி இணைக்கும் சிகிச்சை அதிகமாகத் தேவைப்பட்டது. எலும்பு தோலைக் கிழித்தாலும், உள்ளிருந்து நெருக்கித் தோலை வெளுக்கச் செய்தாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

குதியெலும்பின் மேலுள்ள மூட்டே பாதத்தை இருபுறமும் சாய்க்க உதவுகிறது. அது விறைத்துப் போனவர் நகரத்துத் தார் ரஸ்தாவில் ஒருவாறு காலந்தள்ளலாம். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசியில் காலைப் பற்றி இழுக்கும் கரிசலில் என்ன செய்வார்? பனையேற்றமோ பாதங்களை உட்சாய்த்து மரத்தை அணைக்கும் வேலை. நோயாளியின் தொழிலைக் கேளாமல் படத்தை மட்டும் பார்த்து முடிவு கூறும் டாக்டர் பாதி வழக்கையே விசாரித்தவராவார்.

எல்லாப் பாத முறிவும் இவ்வளவு கொடிதன்று. சுண்டுவிரலுக்குச் செல்லும் நெட்டெலும்பின் அடிநுனி தெறித்தால், கெட்டியான செருப்போடு நடந்தே பெரும்பாலும் குணமாகும். சற்று முன்னே முறிந்தாலோ கூடுவது தாமதிக்கும். (1902ல் இம்முறிவை விவரித்த ராபர்ட் ஜோன்ஸ் என்ற வைத்தியர், நடனமாடித் தம் காலையே முறித்துக்கொண்டவர்!)

நாட்டுக்கட்டு வைத்தியத்தை இகழ்வது நமது நோக்கமன்று. எனினும் வீங்கிய பாதத்தை மூங்கிற் சிம்பு வைத்து இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகுவதுண்டு. விரல்கள் மரத்துக் குளிர்ந்தால் கட்டை உடனே அவிழ்க்கவேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பும் முறிந்திருக்கக் கூடும். அதையும் படம் பிடிக்கச் சொல்லுங்கள்.

எந்தச் சிகிச்சையாயினும் வாரக்கணக்கில் காலூன்றலாகாது. பதநீர்க் காலத்தில் விழுந்தவர் வீட்டில் அத்தனை நாள் உலை எரிவது எவ்வாறு? கிராமத் தொண்டர்கள் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதோடு நில்லாமல், அவ்வாரங்களின் அரிசியையும் கணக்கிடவேண்டும்.