வாசல் மணி

அந்தப் பையனுக்கு ஒன்பது வயது. ஆறு வயதிலிருந்தே வீட்டைவிட்டு ஓடிப் பழகியவன். இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் குழந்தைகளைக் குண்டுவீச்சுக்குப் பயந்து வெளியூர் விடுதிகளுக்கு அனுப்பினார்கள். இவனை அனுப்பியதோ, ஓடிக்கொண்டே இருந்ததால். விடுதியிலிருந்தும் ஓடினான். கடைசியில் டொனால்ட் வின்னிகாட் என்ற மருத்துவரின் மனைவி அவனைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முன்வந்தார். மூன்று மாதம் இருந்தான். அந்த மூன்று மாதமும் நரகம்தான் என்று வின்னிகாட் பின்னாளில் எழுதினார்.

வின்னிகாட் லண்டன் பேடிங்டன் கிரீன் மருத்துவமனையில் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட. முதலில் பையனுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார்கள். வெளியே கிளம்பினால் கையில் ஒரு ஷில்லிங். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தாலும் போய்க் கூட்டிவருவார்கள். ஓட்டம் குறைந்தது. அதுவரை தெருவில் தீர்ந்துகொண்டிருந்த ஆவேசம் இப்போது வீட்டுக்குள் புகுந்தது. வெறி தலைக்கேறிய நேரங்களில் வின்னிகாட் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டுவிடுவார். மழையோ குளிரோ, பகலோ ராத்திரியோ. வாசலில் அவனுக்கென்றே ஒரு மணி இருந்தது. மனம் அடங்கியதும் அடிக்கலாம், கதவு திறக்கும், நடந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஆனால் வெளியே விடும் ஒவ்வொரு முறையும் அவனிடம் நேராகச் சொன்னார்: நீ செய்த காரியம் என்னை உன்மேல் வெறுப்புக்கொள்ள வைத்துவிட்டது.

ஒன்பது வயதுப் பிள்ளையைக் குளிரில் நிறுத்தியதை என்னால் ஏற்கமுடியவில்லை. ஆனால் அவர் அவனை ஒருமுறையும் அடிக்கவில்லை. தன் வெறுப்பு தனக்கே தெரியாமல் இருந்திருந்தால், அதை அவனுக்கும் தெரியப்படுத்தாமல் இருந்திருந்தால், அடித்திருப்பேன் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். வெறுப்பு வாய்வழியே வந்ததால் கைக்கு இறங்கவில்லை.

இந்த அனுபவத்தையும் சேர்த்து 1947இல் பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரை 1949இல் அச்சானது. சிகிச்சையாளர் மனத்தில் நோயாளியைக் குறித்து எழும் உணர்வுகளைப் பற்றி ஃப்ராய்ட் 1910இலேயே எச்சரித்திருந்தார். அவை களையப்பட வேண்டிய இடையூறு என்பதே அன்றைய பார்வை. வின்னிகாட் வேறு இடத்தில் கை வைத்தார். கடுமையாகச் சிதைந்த மனங்களோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு வெறுப்பு வந்தே தீரும். அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், நோயாளி தாங்கும் காலம் வரும்வரை சுமக்க வேண்டும். எளிய நோயாளிகளிடம் அந்த வெறுப்பு கண்ணுக்கே படாமல் வெளிப்பட்டுவிடுகிறது. நேரம் முடிந்தது என்று எழுந்துகொள்கிறோமே, அதில் அது இருக்கிறது.

கட்டுரையில் என்னை அதிகம் உலுக்கிய பகுதி தாயைப் பற்றியது. குழந்தை தாயை வெறுக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே தாய் குழந்தையை வெறுக்கிறாள் என்கிறார். பதினெட்டுக் காரணங்களை அடுக்குகிறார். முலைக்காம்பைக் கடிக்கிறது. சம்பளமில்லாத வேலைக்காரியாக நடத்துகிறது. அவள் ஊட்டினால் துப்பிவிட்டு அத்தை ஊட்டினால் சமர்த்தாகச் சாப்பிடுகிறது. காலையெல்லாம் படுத்திவிட்டு, வெளியே போனதும் யாரோ ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறது. நம் வீட்டுப் பெண்கள், தூக்கமில்லாத ராத்திரியில், ‘உன்னை ஏன்தான் பெத்தேனோ’ என்று முனகிவிட்டு, அடுத்த நொடியே ஐயோ என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்த முனகலில் பாவம் எதுவும் இல்லை. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு குழந்தையிடம் பழிதீர்க்காமல் இருக்கிறாளே, அந்த வல்லமையைத்தான் வின்னிகாட் வியந்தார்.

சிகிச்சையாளர் தன் வெறுப்பை மறைத்துவைத்தால் என்ன ஆகும்? 1974இல் மால்ட்ஸ்பர்கர், பூயி என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், தற்கொலை எண்ணம் கொண்டவர்களுக்குச் சிகிச்சை தருவோரின் வெறுப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று, நோயாளியை நோகடிக்கத் தூண்டும் வன்மம். மற்றது, அவரிடமிருந்து விலகத் தூண்டும் அருவருப்பு. சட்டென்று கோபம் வந்தால் டாக்டர் தன்னைக் கவனித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. விலகலோ சத்தமில்லாதது. கொட்டாவி வருகிறது, கண் கடிகாரத்துக்குப் போகிறது, இந்த நோயாளியை வேறு யாரிடமாவது அனுப்பிவிடலாமா என்று தோன்றுகிறது. ஏற்கெனவே எல்லோராலும் கைவிடப்பட்டதாக நினைக்கும் ஒருவருக்கு இது உடனே உறைத்துவிடும். உயிரே போகக்கூடிய ஆபத்து இதில்தான் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். சிரித்த முகத்தோடு கைவிடுவது எத்தனை கொடியது என்பதை நோயாளிகளுக்குப் பல்லாண்டு துணையிருந்த குடும்பத்தினரும் அறிவார்கள்.

அந்தப் பையன் குணமாகிவிடவில்லை. வின்னிகாட் வீட்டிலிருந்து அவன் ஒரு சீர்திருத்தப் பள்ளிக்குத்தான் போனான். ஆனாலும் அவன் வாழ்க்கையில் நிலைத்துநின்ற மிகச் சில விஷயங்களில், வின்னிகாட் தம்பதியோடு அவனுக்கிருந்த பிணைப்பும் ஒன்று.