பழைய இணைமுறைக் கருவிகளைத் தொடர்முறைக் கம்பியுடன் இணைத்தல்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அவை இயங்கிய நாளில், பல தளங்களில் ஏககாலத்தில் வெட்டப்பட்ட பாறை குறுகிய செங்குத்துக் குழிகளின் வழியே தொட்டி தொட்டியாகவே மேலேறிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர். மணிக்குறி பெறாமல் கூண்டு நகராது. பழைய அச்சுப்பொறியைப் புதிய கணினியுடன் பொருத்துவதும் இத்தகையதொரு காரியமே.

பழைய முறையில் ஓர் எழுத்துக்குரிய 8 பிட்டுகளும் 8 கம்பிகளில் ஒருங்கே செல்லும். அவை நிலைபெற்றபின் 'ஸ்ட்ரோப்' என்னும் ஒன்பதாவது கம்பியின் மின்னழுத்தம் அரை மைக்ரோ விநாடியேனும் தாழ்ந்திருத்தல் வேண்டும். அச்சுப்பொறி 'பிஸி' என்னும் கம்பியை உயர்த்தித் தன் வேலை முடியும்வரை அடுத்த எழுத்தைத் தடுக்கும். கம்பி நீண்டு வேகமும் மிகுந்தால் எட்டுக் குறிகளும் ஒரே கணத்தில் வந்து சேரா. இம்முறை வழக்கொழிந்தமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

தொடர்முறையில் அந்த எட்டுப் பிட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் வரும். தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்ந்து எழுத்துக்குப் 10 பிட்டுகள். விநாடிக்கு 9600 பிட்டு எனில் 960 எழுத்துக்கள் வரும். விநாடிக்கு 300 எழுத்து அச்சிடும் பொறி பின்தங்கிவிடும் அன்றோ? ஆகவே இடையிலுள்ள மாற்றிக்கு நினைவகம் வேண்டும். அது நிரம்பும்போது 'நிறுத்து' என்னும் குறி கணினிக்குத் திரும்பிச் செல்லவும் வேண்டும். முதற்பக்கம் நன்றாக வந்து பின்னர் வரிகள் விடுபடுமாயின், முதலில் இந்தத் திரும்பு வழியையே சோதிக்க.

கடைகளில் கிடைக்கும் யூ.எஸ்.பி. மாற்றி அச்சுப்பொறிக்குப் பெரும்பாலும் போதுமானது. பள்ளி ஆய்வுக்கூடத்துப் பழைய அளவைக் கருவிகளுக்கோ அது பயன்படாது. அவற்றின் நிரல்கள் பதினாறடிமான 378 என்னும் முகவரியில் நேரே எழுதிக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டுவிப்பவை. மாற்றியில் அம்முகவரியே இல்லை. இதையறியாது மாற்றியை வாங்கிவிட்டு, கருவி பழுதென்று ஒதுக்கிவிடுதல் வீண் நஷ்டம். கருவியின் அருகிலேயே ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலரை அமர்த்தி, கட்டளையைத் தொடர்முறையில் பெற்று, கம்பிகளை அதுவே இயக்குமாறு செய்யலாம். நிரலையும் அதற்கேற்ப மாற்றுதல் அவசியம்.

ஓர் எச்சரிக்கை: ஆர்.எஸ்.-232 கம்பியில் மின்னழுத்தம் நேர்மறையிலும் எதிர்மறையிலும் 15 வோல்ட் வரை செல்லக்கூடும். 5 வோல்ட் உள்ளீட்டில் அதனை நேரே இணைத்தால் சில்லு கெடும். இடையே மின்னழுத்த மாற்றிச் சில்லொன்றை வைத்தபின்னரே இணைப்புக் கொடுக்க.