ஒரு குழந்தையை இருவர் நோக்குதல்

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராத மாணவன் ஒருவனை, முன்னொரு காலத்தில் பிடிவாதக்காரன் என்று தண்டித்தேன். அப்பிழையை இன்று உணர்கிறேன்.

ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாட்டை 1943-இல் லியோ கானர் 11 குழந்தைகளிடம் கண்டு விளக்கினார். அவர் வகுத்த இலக்கணம் குறுகியது. இலண்டனில் மனநல மருத்துவர் லோர்னா விங்கும் உளவியலறிஞர் ஜூடித் கோல்டும் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஒருங்கே ஆராய்ந்தனர். பழகுதல், கருத்துப் பரிமாறல், கற்பனை ஆகிய மூன்றிலும் இடர்ப்படுவோர் அவ்விலக்கணத்திற்கு அப்பாலும் பலர் உளர் என 1979-இல் அறிவித்தனர்.

இதனைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இல்லை. ஆதலின் ஒருவர் பெற்றோரிடம் மழலைப் பருவம் முதலான வளர்ச்சியைக் கேட்டறிவார்; மற்றொருவர் குழந்தையோடு விளையாடி அதன் போக்கைக் குறிப்பார். பின்னர் இருவரும் ஒப்பிடுவர். வீட்டில் பேசும் பிள்ளை புதியோர் முன் வாய் திறவாதிருக்கலாம். ஒருவர் கண்டதே முடிவாயின் தவறு நேரும். வகுப்பில் கண்டதை ஆசிரியரும் கூறுதல் வேண்டும்.

பெயரிடுவதோடு பணி முடிவதில்லை. அன்றாட வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டினால் பல பிள்ளைகளின் கலக்கம் தணியும். அம்மாணவனுக்கு வேண்டியிருந்தது பிரம்பன்று. அத்தகைய படவரிசையே போலும்!